கடுக்காய்க் கறை: துணிக்கலை கற்க வந்தவர்களும் கற்றுக்கொடுத்தவர்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது துணியைப் பத்தி. துணி வாங்குறதைப் பத்தி இல்ல, கத்துக்கிறதைப் பத்தி. ஒரு ஊருக்குப் போய், அந்த ஊர்க்காரங்க வீட்டுல நாலு நாள் தங்கி, அவங்க பாட்டன் பூட்டி காலத்துக் கைவேலையைக் கொஞ்சம் கத்துக்கிட்டு வர்றது இப்போ ஒரு பயண வகையாகவே ஆகிவிட்டது. இன்ஸ்டாவில் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. கட்ச்சில் அச்சு வேலை வொர்க்ஷாப், ஊட்டியில் தோடர் பூவேலை வொர்க்ஷாப், பெரு நாட்டில் அமேசான் காட்டோரமாக ஷிபிபோ பெண்களிடம் துணி ஓவியம். இதற்கு ‘சமூகம் சார்ந்த சுற்றுலா’ என்று பெயர்.

புதுசு மாதிரி தெரியுது இல்லையா? ஆனால் வெளியாள் ஒருவர் வந்து, உள்ளூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்குச் சாயம் ஏற்றுவதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டு போன கதை நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கிட்டத்தட்ட 290 வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரியில். அந்தக் கதையில் கற்றுக்கொண்டவருக்கு என்ன கிடைத்தது, கற்றுக்கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், இன்றைய வொர்க்ஷாப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே வரும்.

சேறும் கடுக்காயும்

முதலில் கச்சிராயபாளையத்துக்குப் போவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற வழியில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். பக்கத்திலேயே கோமுகி அணை. அதைத் தாண்டினால் மலை ஏற ஆரம்பிக்கும். மேலே இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். அவங்க பேசுறது தமிழ்தான். இந்தக் காட்டில் அவர்கள் பொறுக்கி விற்கிற பொருட்களில் தேன், புளி இவற்றோடு முக்கியமான ஒன்று கடுக்காய்.

கடுக்காய் என்றதும் நமக்கு நாட்டு மருந்துக் கடை ஞாபகம் வரும். செட்டிநாட்டு வீடு கட்டியவர்களைக் கேட்டால் சுண்ணாம்புக் கலவையில் ஊற்றின கடுக்காய்த் தண்ணி என்பார்கள். ஆனால் துணி வரலாற்றில் கடுக்காய்க்கு இன்னொரு பெரிய இடம் இருக்கிறது. அதில் நிறைய துவர்ப்புப் பொருள், அதாவது டானின் இருக்கிறது. பருத்தி நூல் சாயத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளாது. கடுக்காய்ச் சாற்றில் ஊறின பருத்தி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, டானின் மேல் இரும்பு பட்டால் கருப்பாகும். வாழைப்பூ நறுக்கினால் இரும்புக் கத்தியும் கையும் கறுத்துப் போகும், பார்த்திருப்பீங்க. அதே சங்கதிதான்.

இப்போ உலகத்தின் அந்தப் பக்கம் போங்க. பெரு நாட்டில் உக்கயாலி ஆற்றங்கரையில் ஷிபிபோ-கொனிபோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் துணியில் வரையும் கோட்டு வடிவங்களுக்குக் ‘கெனே’ என்று பெயர். ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோடு ஓடி, திரும்பி, மறுபடி விரிந்து, பார்க்க ஒரு புதிர் மாதிரி இருக்கும். துணியை முதலில் மரப்பட்டைச் சாற்றில் முக்கிப் பழுப்பாக்குவார்கள். பிறகு ஆற்றோரத்துச் சேற்றைத் தொட்டுக் கோடு போடுவார்கள். சேற்றில் இரும்புச் சத்து. பட்டையில் டானின். கழுவினால் சேறு போய்விடும், கருங்கோடு மட்டும் நிற்கும்.

ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஊர் மக்கள். ஒருத்தர் கையில் சேறு, இன்னொருத்தர் கையில் கடுக்காய். இரண்டு பேரும் ஒரே வேதியியலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்து வந்த அறிவு இல்லை இது. அம்மா செய்வதைப் பார்த்து மகள், அப்பா செய்வதைப் பார்த்து மகன் என்று கைமாறி வந்தது. அப்படிப்பட்ட அறிவை வெளியாளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

1734: துணியை வெட்டி எடுத்தவர்

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு அங்கே பைத்தியமாக இருந்தார்கள். நாம் சீட்டித் துணி என்கிறோமே, அதுதான். துவைத்தாலும் வண்ணம் போகாது. ஐரோப்பாவில் அன்றைக்குப் பருத்தியில் அப்படி நிலையான வண்ணம் ஏற்ற முடியவில்லை. மக்கள் சீட்டித் துணிக்குத் தாவியதும் அங்கிருந்த பட்டு, கம்பளி நெசவாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். பிரான்ஸ் 1686-ல் இந்தத் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-ல் ஒரு தடை, 1721-ல் இன்னும் கடுமையான தடை என்று கொண்டுவந்தது. தடை போட்டும் கள்ளத்தனமாக வந்துகொண்டேதான் இருந்தது.

வாங்கக் கூடாது என்றால், நாமே செய்யக் கற்றுக்கொண்டால் என்ன? இந்த யோசனை பாரிஸில் இருந்த வேதியியலாளர் டுஃபேவுக்கு வந்தது. அரசின் சாயத் தொழிலைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. அவருக்காகப் புதுச்சேரியில் விவரம் சேகரித்தவர் ஆந்த்வான் தெ பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி.

1734 வாக்கில் பொலியூ செய்த வேலை ரொம்ப எளிமையானது, ரொம்பக் கெட்டிக்காரத்தனமானதும்கூட. உள்ளூர்க் கைவினைஞர்களைத் தன் கண் முன்னாலேயே ஒரு துணியில் வேலை செய்ய வைத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். கடுக்காயில் ஊறிய துணி ஒரு துண்டு. கருங்கோடு போட்டதும் ஒரு துண்டு. சிவப்பு ஏறியதும் ஒரு துண்டு. மெழுகு பூசி அவுரி நீலத்தில் முக்கியதும் ஒரு துண்டு. கூடவே ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்று எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துணித் துண்டுகளும் இன்றும் பாரிஸில் இருக்கும் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

யோசிச்சுப் பாருங்க. நம்ம கடற்கரைச் சாயத் தொழிலின் முழுமையான செய்முறைப் பதிவுகளில் மிகப் பழைய ஒன்று நம்மிடம் இல்லை, பாரிஸில் இருக்கிறது. அந்தத் துணியில் வேலை செய்தவர் யார், எந்தத் தெரு, என்ன பேர், எதுவும் வரலாற்றில் மிஞ்சவில்லை. எழுதினவர் பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1742: கேட்டுக் கேட்டு எழுதியவர்

எட்டு வருஷம் கழித்து இன்னொருவர். காஸ்தோன்-லோரான் கெர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார். மொழி ஆர்வலர்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கலாம். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கம், லத்தீன் மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவர். தெலுங்கு நன்றாகத் தெரிந்தவர். 1779-ல் புதுச்சேரியிலேயே இறந்துபோனார்.

அவர் 1742 ஜனவரியில் பிரான்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணியில் எப்படி வண்ணம் எழுதுகிறார்கள் என்பதுதான் கடிதம் முழுக்க. கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலந்து துணியை ஊறவைப்பது, காயவைப்பது, வழுவழுப்பாக அடிப்பது, கரித்தூள் தட்டி வடிவத்தை இறக்குவது, இரும்பு ஊறிய கரைசலால் கருங்கோடு, படிகாரம் போட்ட இடத்தில் சாயவேரால் சிவப்பு என்று ஒன்று விடாமல் இருக்கும். கடுக்காய், சாயவேர் போன்ற பெயர்களைக்கூட உள்ளூர் ஒலியிலேயே பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறார்.

எருமைப்பால் எதுக்குன்னு நினைக்கிறீங்களா? பாலில் கொழுப்பு இருக்கிறது. துணியில் அது இருந்தால் எழுதுகோலால் வைக்கிற கரைசல் கசிந்து பரவாது. கோடு கோடாகவே நிற்கும். இதைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. செய்கிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

யார் சொன்னார்கள்? கெர்தூவே அதை எழுதியிருக்கிறார். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களில் இந்தத் தொழில் தெரிந்த சிலர் இருந்தார்கள். அவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டாராம். இன்றைய ஆய்வாளர்கள் செய்வது மாதிரியான ஒழுங்கான முறைதான். ஆனால் சொன்னவர்களின் நிலைமையையும் பாருங்க. கேட்பவர் அவர்களுடைய ஞானத் தந்தை. ‘சாமி, இது எங்க தொழில் ரகசியம்’ என்று சொல்லக்கூடிய இடத்தில் அவர்கள் இருந்தார்களா? கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் நடுவில் அவ்வளவு உயர வித்தியாசம் இருக்கும்போது, சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அந்தக் கடிதம் அடுத்த வருஷமே பிரான்ஸில் அச்சாகி வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதற்குப் பிறகு

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமா இருக்கணும். ஒரு பாதிரியார் கடிதம் எழுதினார், நம்ம தொழில் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்தால் கேட்க நல்லா இருக்கும், ஆனா உண்மை அவ்வளவு சுலபம் இல்ல. கெர்தூவுக்கு 70 வருஷம் முன்பே, 1672-ல், மார்செய் நகரில் ஆர்மீனியக் கைவினைஞர்கள் துணியில் வண்ணம் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். கற்கும் வழிகள் பல இருந்தன. பிரான்ஸ் 1759-ல் தடையை நீக்கியது. 1760-ல் ஓபர்காம்ஃப் ஜூயி என்ற ஊரில் துணி அச்சு ஆலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்தில் 1783-ல் உருளை அச்சு எந்திரத்துக்குக் காப்புரிமை. அதோடு ஆட்சியும் கைமாறியது. 1869-ல் செயற்கை அலிசரின் சந்தைக்கு வரத் தயாரானது. சாயவேரில் இருந்த சிவப்பும் அதே அலிசரின்தான். வேரைத் தோண்டாமல், தாரிலிருந்தே எடுக்கலாம் என்றானது. 1897-ல் செயற்கை அவுரி நீலம். தென் ஆற்காட்டில் அவுரி விளைந்த வயல்களெல்லாம் வேறு பயிருக்கு மாறின. நம்ம கள்ளக்குறிச்சியும் அன்றைக்குத் தென் ஆற்காட்டில்தான் இருந்தது.

ஆக, பல காரணங்கள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அந்த அறிவு வெளியே போன எந்தக் கட்டத்திலும், அதை வைத்திருந்தவர்கள் கையில் கடிவாளம் இல்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, யாருக்குச் சொல்வது, அதற்கு என்ன விலை, எதையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை.

தொழில் முழுசா செத்துப்போகவும் இல்லை. அரியலூர், தஞ்சாவூர் பக்கம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களில் கோயிலுக்கான தொம்பை, விதானம், குடைத் துணிகளைக் கையால் எழுதுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2021-ல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம், அதே சமயத்தில் புவிசார் குறியீடு வாங்கிய இன்னொரு கலை எது தெரியுமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்.

தோடர் பூவேலை: யார் சொல்வது தோடர் துணி?

இப்போ நீலகிரிக்குப் போவோம். தோடர்கள் மொத்தமே 2,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய வெள்ளைச் சால்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் கருப்பு, சிவப்பு நூலால் பூவேலை. இதில் ஒரு சுவாரசியம் என்னவென்றால், தோடர்கள் துணியை நெய்வதில்லை. சமவெளி நெசவாளர்களிடமிருந்து வாங்குவார்கள். அந்தத் துணியில் கருப்பு, சிவப்புப் பட்டைகள் ஏற்கெனவே நெய்யப்பட்டிருக்கும். அந்தப் பட்டைகளுக்கு நடுவே தோடர் பெண்கள் ஊசியால் நிரப்புகிறார்கள்.

முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. அச்சு இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். ஒரு இழை தப்பினால் வடிவம் சாயும். ஊசி வேலை துணியின் பின்பக்கத்திலிருந்து நடக்கும். நூல் மேடு தட்டி நிற்கிற பக்கம்தான் வெளியே தெரிகிற பக்கம். தள்ளி நின்று பார்த்தால் தறியிலேயே நெய்தது போல இருக்கும். கண் கூர்மை, எண்ணிக்கை, பொறுமை மூன்றும் வேண்டும். சின்ன வயசிலிருந்து பாட்டி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பழக்கம் அது. இரண்டு மணி நேர வொர்க்ஷாப்பில் வராது.

அந்தத் துணியின் வாழ்க்கையையும் தெரிஞ்சுக்கணும். விழாவுக்குப் போர்த்துவது பூத்துக்குளி. ஒருவர் இறந்தால் உடலைச் சுற்றுவதும் பூவேலை செய்த துணிதான். அதனால் அது வெறும் அலங்காரம் இல்லை.

தோடர்களைப் பார்க்க வெளியாட்கள் வருவதும் புதிது இல்லை. 1819-க்குப் பிறகு சல்லிவன் காலத்தில் ஊட்டி வளரத் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1902-ல் வந்த மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் அவர்களைப் பற்றித் தடிமனான ஒரு புத்தகமே எழுதினார். தாவரவியல் பூங்காவின் மேல்பக்கத்தில் இருக்கும் மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, இன்றும் டூரிஸ்ட்கள் ஏறிப் போகிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோடர்கள் பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போட்டோ எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாற்றம் எங்கே என்றால், 2008-ல். தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், தமிழக அரசின் பூம்புகார் நிறுவனம் மூவரும் சேர்ந்து தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்தார்கள். 2013-ல் கிடைத்தது. இதில் முதல் பெயரைக் கவனிங்க. விண்ணப்பித்தவர்களில் தோடர்களின் சொந்தச் சங்கமும் இருக்கிறது. பொலியூ காலத்துக்கும் இதுக்கும் உள்ள தூரம் அதுதான்.

குறியீடு கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மெஷினில் அடித்த கருப்பு-சிவப்புச் சால்வைகள் தோடர் பெயரில் விற்கப்படுவதாகத் தோடர்கள் தொடர்ந்து புகார் சொல்லிவருகிறார்கள். புவிசார் குறியீடு ஒரு பெயரைக் காக்கும். கடையில் இருக்கிற போலியை யாராவது போய்ப் பிடித்தால்தான் காக்கும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், வக்கீல் வேண்டும்.

அதே சமயம் தோடர் பெண்கள் பர்ஸ், பை, ஸ்டோல், மேஜை விரிப்பு என்று புதுப் பொருட்களையும் செய்கிறார்கள். ‘மரபு கெட்டுப்போச்சு’ன்னு நாம முகம் சுளிக்க வேண்டியதில்லை. எதைச் சந்தைக்குச் செய்வது, எதை வீட்டுக்கும் சடங்குக்கும் வைத்துக்கொள்வது என்று அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள் என்றால், கடிவாளம் அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹோட்கா: விடுதியே ஊருடையது

கட்ச்சில் பன்னி புல்வெளியோரம் ஹோட்கா என்று ஒரு கிராமம். 2001 பூகம்பம் அந்த மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நாட்டில் 36 இடங்களில் ஊரக சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதில் ஹோட்காவும் ஒன்று. வட்டமான மண்குடிசைகள் கட்டி, ‘ஷாம்-ஏ-சர்ஹத்’ என்று ஒரு விடுதி வந்தது. எல்லையோரத்து மாலைப்பொழுது என்று அர்த்தம். பாகிஸ்தான் எல்லை பக்கம்தான்.

இந்த விடுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நடத்துவது கிராமத்துச் சுற்றுலாக் குழு. தங்குகிற அறைக்கான காசு, சமையல் வேலை, வழிகாட்டும் வேலை எல்லாம் ஊருக்குள் சுற்றும். கண்ணாடி பதித்த பூத்தையல் செய்கிற பெண்களிடமிருந்து நேராகவே வாங்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் இடைத்தரகர் இல்லை என்றால் விலை யார் சொல்கிறார்கள்? தைத்தவர் சொல்கிறார்.

வருகிறவர்கள் எங்கே போகலாம், யார் வீட்டுக்குள் வரலாம், எந்த நேரத்தில் வரலாம், இதையெல்லாம் ஊர் தீர்மானிக்கிறதா, வெளியூர் டிராவல்ஸ் தீர்மானிக்கிறதா? சமூகம் சார்ந்த சுற்றுலா என்ற போர்டு எங்கே தொங்கினாலும் அதன் கீழே கேட்க வேண்டியது இதுதான்.

கெனே: துணியோடு சேர்த்து விற்கப்படும் கதை

ஷிபிபோ மக்களுக்குத் திரும்புவோம். பெரு அரசு 2008-ல் கெனேவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஒலிந்தா சில்வானோ மாதிரியான ஷிபிபோ ஓவியர்கள் தலைநகர் லிமாவின் சுவர்களில் கெனே வரைகிறார்கள். லிமாவில் கந்தகாயோ என்ற குடியிருப்பில் இவர்களில் பலர் வாழ்ந்தார்கள். 2016 நவம்பரில் தீ விபத்தில் அது எரிந்துபோனது. வடிவத்துக்குக் கிடைத்த மரியாதை வரைந்தவர்களின் கூரைக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஷிபிபோ ஊர்களுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களில் பெரும்பகுதி அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயச் சடங்குக்காகப் போகிறவர்கள். துணி அவர்களுக்கு இரண்டாவது. ‘இந்தக் கோடுகள் எல்லாம் பாட்டுதான், துணியைப் பார்த்து அப்படியே பாடலாம், இது இசைக் குறிப்பு மாதிரி’ என்று அவர்களுக்கு ஒரு கதை சொல்லப்படும். கேட்டதும் சிலிர்க்கும்.

1980-களில் கெப்ஹார்ட்-சேயர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஷிபிபோ வடிவங்களுக்கும் வைத்தியர்களின் பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். பிறகு வந்த ஆய்வாளர்களில் சிலர் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். துணியைப் பார்த்துப் பாட்டைப் படிப்பது என்பது பழைய வழக்கமா, அல்லது வெளியாட்களோடு பேசிப் பேசி வளர்ந்த விளக்கமா என்று கேட்டார்கள். விவாதம் முடிந்தபாடில்லை.

இதில் யார் ஏமாற்றினார் என்று தேட வேண்டாம். வருகிறவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ, அதை நோக்கிக் கதை வளைவது மனித இயல்பு. நம்ம கோயில் வாசல் கைடுகளைப் பார்த்ததில்லையா? ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்கணும். நாம் கேட்கிற கேள்விக்கு ஏற்பக் கலை மாறும். ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று மட்டுமே கேட்டால் அர்த்தம் தயாராகும். ‘இந்தப் பட்டை எந்த மரத்தோடது? அந்த மரம் இப்போ கிடைக்குதா? உங்க பொண்ணு கத்துக்கிட்டாளா? ஒரு துணிக்கு எத்தனை நாள்?’ என்று கேட்டால் வேறு பேச்சு வரும். அந்தப் பேச்சில் காடும் நிலமும் பள்ளிக்கூடமும் வரும்.

மறுபடியும் மலைக்கு

இப்போ நம்ம கல்வராயன் மலை. ஒரு வரலாற்றுத் தகவல் சொல்றேன், பலருக்குத் தெரியாது. இந்தியா 1947-ல் சுதந்திரம் அடைந்தது. கல்வராயன் மலையில் ஜாகீர்தார் முறை 1976 வரை இருந்தது. மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள். அரசியல் சாசனம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் அப்படி. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகள் நடந்தபோது ஊடகங்கள் மலையின் பக்கம் திரும்பின. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம், படிப்பு எல்லாம் என்ன ஆச்சு என்று அரசைக் கேட்டது.

இப்படி வரலாறு உள்ள மலைக்குத்தான் நாம வார இறுதியில் பைக் எடுத்துட்டுப் போறோம். மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகு. கோடை விழாவும் நடக்குது. போய்ட்டு வர்றவங்க மலைக்கு விட்டுட்டு வர்றது என்ன? பெரும்பாலும் டீ காசும் பிளாஸ்டிக் பாட்டிலும்.

கல்வராயன் மலைக்குப் புகழ் துணியில் இல்லை. ஆனால் துணிக்கு வேண்டிய கடுக்காய் இங்கே இருக்கிறது. இன்றும் இயற்கைச் சாயத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கடுக்காய் வேண்டும். சென்னையில், பெங்களூரில் இயற்கைச் சாய வொர்க்ஷாப்புக்கு நல்ல கட்டணம் கட்டிப் போகிறோம். அங்கே மேஜையில் கடுக்காய்த் தூள் ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கும். அது எந்த மலையிலிருந்து வந்தது, பொறுக்கியவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஜாடியில் எழுதியிருக்காது. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருட்களின் மேல் பழங்குடியினருக்கு உரிமை இருக்கிறது என்று சொல்கிறது. கடுக்காய் அந்தச் சிறு வனப் பொருள். சட்டத்தில் இருக்கிற உரிமை சந்தை விலையாக மாற, வாங்குகிற நாமும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால, அடுத்த முறை எங்கேயாவது கைவேலை கத்துக்கப் போறீங்கன்னா, அது ஊட்டியோ, கட்ச்சோ, கருப்பூரோ, பெருவோ, கிளம்புறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

ஒன்று, நான் கட்டுகிற பணத்தில் கற்றுக்கொடுக்கிறவர் கைக்கு எவ்வளவு போகும்? பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இரண்டு, வரக்கூடாது என்று சொல்கிற உரிமை ஊருக்கு இருக்கா? சடங்குக்கான துணியை, வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்கிற வடிவத்தைக் காட்ட மாட்டோம் என்று அவர்கள் சொல்ல முடியுமா?

மூன்று, நான் கற்றதை வைத்து நாளைக்கு நான் விற்றால் என்ன ஆகும்? கற்றுக்கொண்ட தையலில் நமக்கே ஒரு குஷன் கவர் போடுவது வேறு. அதே வடிவத்தை அச்சடித்து ஆன்லைனில் கடை போடுவது வேறு.

நான்கு, கற்றுக்கொடுத்தவர் பேர் எனக்குத் தெரியுமா? அவங்க சம்மதத்தோட அந்தப் பேரை நான் சொல்றேனா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய துணித் துண்டுகளுக்குப் பக்கத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு தகவல்தான். கடுக்காயில் ஊறி, இரும்பு பட்டு, அந்தக் கருங்கோடு இன்றும் அழியாமல் இருக்கிறது. அதைப் போட்ட கை யாருடையது என்று கேட்டால், சொல்ல ஆள் இல்லை.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, கைவேலை வொர்க்ஷாப்புக்குப் போகத் திட்டமிட்டுக்கிட்டு இருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.